கடற்காற்றை நிறுத்திய நாள்

காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வராமல் நான் இப்போதெல்லாம் என் மகனைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. மூன்று வாரமாகிறது. அன்று எங்கள் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கசிந்த ஏதோ வாயு, வடக்கிலிருந்து வந்த காற்றோடு சேர்ந்துகொண்டு, மூன்றாவது பீரியட் நேரத்தில் அவன் வகுப்பு ஜன்னலுக்குள் போயிருக்கிறது. நான் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடியபோது பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மகன் ஈரக் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, ‘எனக்கு ஒண்ணும் இல்லம்மா’ என்றான். அவனுக்கு ஒன்றும் இல்லைதான். டாக்டரும் அதையே சொன்னார். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. இந்தப் பத்தியை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் அவன் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

‘போன்லயே அம்புக்குறி போட்டுக் காட்டுது. எதுக்கு தினமும் மாடி ஏறுற?’ என்கிறான். அவனுக்குப் பதினொரு வயது. எனக்குக் காற்றோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது என்பதும், அவன் வயதில் நான் அதை ஒரு பகல் முழுக்க நிறுத்தி வைத்தேன் என்பதும் அவனுக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் ராயபுரத்தில் இருந்தோம். வெயில் காலத்தில் சென்னை முழுவதும் கடற்காற்றுக்காகக் காத்திருக்கும். காலையிலிருந்து மேற்கே இருந்து அனல் அடிக்கும். பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் காற்று திரும்பி, கடல் பக்கமிருந்து குளிர்ச்சியாக வரும். ஊரெல்லாம் அப்போதுதான் ஜன்னலைத் திறப்பார்கள். எங்கள் தெருவில் அப்போதுதான் அடைப்போம். தென்கிழக்கே துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறக்கிய நிலக்கரி குன்று குன்றாகக் கிடந்தது. கடற்காற்று முதலில் அந்தக் குன்றுகளின் மேல் ஏறி இறங்கிவிட்டுத்தான் எங்களிடம் வரும். கொடியில் காயும் வெள்ளை வேட்டி பத்தே நிமிடத்தில் சாம்பல் நிறமாகிவிடும். சோற்றுப் பானையைத் திறந்து வைத்தால் மேலே மிளகுத்தூள் தூவியதுபோல் இருக்கும். துடைத்த தரையில் நடந்தால் கால் கறுக்கும்.

அதனால் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. காற்று திரும்புவதைப் பார்த்துச் சொல்ல மாடியில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும். விடுமுறை நாட்களில் அந்தப் பொறுப்பு என்னுடையது. நாங்கள் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் புகை காலையில் கிழக்கே சாய்ந்திருக்கும். பிறகு ஒரு நேரம் நேராக எழும்பும். அதன் பின் மெதுவாக, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல், நம் பக்கம் சாயும். கடலில் காற்று திரும்பிவிட்டது, கரைக்கு வர இன்னும் சிறிது நேரம்தான் என்று அர்த்தம். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ‘காத்து திரும்பிக்கிச்சேய்!’ என்று கத்துவேன். தெருவே ஓடும். துணிகளை வாருவார்கள், தண்ணீர் டிரம்களை மூடுவார்கள், கிழக்கு ஜன்னல்களைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணியைத் திணிப்பார்கள். அந்த வயதில் ஒரு தெருவையே ஓட வைக்க முடிகிறது என்பதில் எனக்குப் பெருமை குறைவில்லை.

எங்கள் அப்பா அந்தக் கரிக் குன்றுகளில்தான் வேலை செய்தார். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கரியை மண்வெட்டியால் வாரி வேகன்களில் நிரப்பும் கூட்டத்தில் அவரும் ஒருவர். மாலையில் வரும்போது கண்ணின் வெள்ளையும் பல்லும் மட்டும்தான் அவர் என்று தெரியும். வீட்டுக்குள் நேராக வரமாட்டார். கீழே படிக்கட்டின் ஓரத்தில் அம்மா இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுபோய் வைக்க வேண்டும். துணி துவைக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்து, முதல் வாளி கறுப்பாக ஓடி, இரண்டாவது வாளி வெளுத்த பிறகுதான் மேலே வருவார். வந்ததும் கைக்குழந்தையாக இருந்த என் தங்கையைத் தூக்கிக்கொள்வார். அவள் அவருடைய ஈரக் காதைப் பிடித்து இழுப்பாள். இது ஒரு நாளும் தவறாது.

தங்கைக்கு ஒன்றரை வயதில் மூச்சிரைப்பு வந்தது. படுக்க வைத்தால் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் சத்தம் கேட்கும். எனக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. ஒரு நாள் அவள் உதடு நீலமாகிவிட்டது. அம்மா செருப்பில்லாமல் தெருவில் ஓடியதைப் பார்த்த பிறகு வேடிக்கை போய்விட்டது. ஆஸ்பத்திரியில், இன்னொரு முறை இப்படி வந்தால் கஷ்டம், தூசியில் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா திரும்பி வந்து, கீழ் வீட்டு அக்காவிடம் சொல்லி அழுதாள். அந்த அக்கா எங்கள் வீட்டு உரிமையாளருக்கு உறவு. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

‘தூசில வெக்காதன்னா எங்கக்கா வெப்பேன், பரண் மேலயா? ஒரு நாளு இந்தக் காத்து வராம இருந்தா எம் பொண்ணு ஒரு நாளாவது மூச்சு வுடுவா’ என்றாள் அம்மா.

அந்த வாரம்தான் பள்ளி திறந்து ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தேன். அறிவியல் டீச்சர் காற்றைப் பற்றிப் பாடம் எடுத்தார். மணல் சீக்கிரம் சூடாகும், தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். அதனால் பகலில் கடலைவிடத் தரை அதிகமாகச் சுடும். சுட்ட தரையைத் தொட்ட காற்றும் சூடாகி, லேசாகி, மேலே போய்விடும். அப்போது கீழே நெரிசல் குறைந்துவிடும். ‘பஸ்ஸில் முன்பக்கம் நாலு பேர் இறங்கினால் பின்னால் நெருக்கியடித்து நிற்பவர்கள் தானாக முன்னால் வருகிறார்கள் இல்லையா? யாராவது வாங்க என்று கூப்பிட்டார்களா? நெரிசலே தள்ளும். அதற்குப் பேர்தான் அழுத்தம். அழுத்தம் அதிகமாக இருக்கும் கடலிலிருந்து, குறைந்துபோன தரைக்கு ஓடி வருவதுதான் கடற்காற்று’ என்றார். நான் ஒரு சந்தேகம் கேட்டேன். தரை சுடாமல் இருந்தால்? ‘சுடாவிட்டால் காற்று மேலே போகாது. கடற்காற்றும் வராது’ என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையை அழித்தார். ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை என் கையில் கொடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வீட்டில் இரண்டு தட்டுகளை எடுத்து, ஒன்றில் மணலும் ஒன்றில் தண்ணீரும் வைத்து வெயிலில் காய வைத்தேன். டீச்சர் சொன்னது உண்மைதான். மணலில் விரல் வைக்க முடியவில்லை. அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன். உடனே ஆறிவிட்டது. அவ்வளவுதான், எனக்கு வழி கிடைத்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அப்பா காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். போகும்போது, ‘காத்து திரும்புனா ஜன்னல சாத்து’ என்று மட்டும் சொன்னாள். எங்கள் வாசலில் இரண்டு பெரிய டிரம்கள் இருந்தன. தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். முந்தின நாள்தான் வந்திருந்தது. அம்மா தெரு முனையிலிருந்து இடுப்பிலும் தலையிலுமாகச் சுமந்து இரண்டையும் நிரப்பி வைத்திருந்தாள்.

நான் வாளியை எடுத்தேன்.

சென்னை பெரிய ஊர் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் மாடி சுடாவிட்டால் எங்கள் வீட்டுக்கு வரும் காற்று நின்றுவிடும், மற்ற வீட்டுக் காற்றை அந்தந்த வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் வாளியை ஊற்றியதும் மாடி புஸ்ஸென்று சத்தம் போட்டு ஆவியைக் கிளப்பியது. மேலே போகிறது பார், காற்றை இழுக்கிற சூடு இதுதான், இது தீர்ந்துவிட்டால் போதும் என்று எண்ணி இன்னும் வேகமாக ஊற்றினேன். நான் கீழே போய் அடுத்த வாளியோடு வருவதற்குள் முதலில் ஊற்றிய இடம் காய்ந்திருக்கும். மறுபடி ஊற்றுவேன். பதினொரு மணிக்குள் ஒரு டிரம் காலி. இரண்டாவதில் கை வைத்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது. கடலைப் பார்த்தேன். கப்பல் புகை நேராக எழும்பத் தொடங்கியிருந்தது. தங்கையின் நீல உதடு ஞாபகம் வந்தது. மூடியைத் தள்ளினேன்.

பன்னிரண்டு ஆயிற்று. புகை நேராக நின்றது. ஒரு மணிக்கு மறுபடி கிழக்கே சாய்ந்தது. என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. காற்று திரும்பவே இல்லை!

இரண்டு மணிக்குக் கீழ் வீட்டு அக்கா வாசலில் நின்று கத்தினாள்: ‘இன்னாடி, காத்தக் காணோம்? மேல குந்திக்கினு தூங்கிட்டியா?’

‘இன்னிக்கு வராதுக்கா.’

‘ஏன், உனக்குக் கடுதாசி போட்டுச்சா?’

நான் கைப்பிடிச் சுவரிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். பெரிய காரியம் செய்தவர்கள் அடக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த மாதத்தில் மேற்கேயிருந்து வரும் மேல்காற்று பலமாக அடிக்கும் சில நாட்களில் கடற்காற்று கரையேற முடியாமல் கடலிலேயே நின்றுவிடும் என்பதையும், அப்படிப்பட்ட நாளில்தான் ஊர் மிகவும் வேகும் என்பதையும் நான் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், தெருவில் ஒரு பொட்டுக் கரி இல்லை என்பதுதான். துணிகள் வெள்ளையாகக் காய்ந்தன. காக்கைகூடப் பறக்காமல் நிழலில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

அம்மா மூன்று மணிக்கு வந்தாள். வீடு அடுப்பாகக் கொதித்தது. தங்கை உடம்பெல்லாம் சிவந்து, அழக்கூட முடியாமல் முனகிக்கொண்டிருந்தாள். ஈரத்துணியால் துடைக்கலாம் என்று அம்மா டிரம்மில் சொம்பை விட்டாள். சொம்பு அடியில் இடித்துச் சத்தம் கேட்டது. அடுத்த டிரம்மிலும் அதே சத்தம்.

‘தண்ணி இன்னாச்சிடி?’

‘மாடில ஊத்திட்டேம்மா.’

‘மாடில ஊத்துனியா? மாடில இன்னா, நாத்து நட்டுக்கினு கீறியா?’

நான் தரை சூடாவதிலிருந்து விளக்கமாகத் தொடங்கினேன். அம்மா பாடம் முழுவதையும் கேட்கவில்லை. அழுத்தம் வரைக்கும் போவதற்குள் முதுகில் நாலு அடி விழுந்துவிட்டது. அடித்துவிட்டு, அவளே உட்கார்ந்து அழுதாள். சத்தம் கேட்டு மேலே வந்த கீழ் வீட்டு அக்கா, விஷயம் தெரிந்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு இறங்கிப்போய் அரைக் குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ‘எங்க வூட்டுக் காத்தயும் சேத்து நிறுத்திக்கீறா, அதுக்குக் கூலியா வெச்சிக்க’ என்றாள். அந்த அரைக் குடம் தங்கையைத் துடைப்பதற்கும், கஞ்சி வைப்பதற்கும் சரியாகப் போயிற்று.

ஐந்து மணிக்கு அப்பா வந்தார். கீழே வாளி இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் படியேறி, எங்கள் வாசலுக்கு இரண்டு படி கீழேயே நின்றார். அம்மா நடந்ததைச் சொன்னாள். தங்கை அம்மாவின் இடுப்பிலிருந்து அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் எட்டி எட்டித் தாவினாள்; அவர் இன்னும் ஒரு படி இறங்கி உட்கார்ந்தார்.

‘இன்னாத்துக்கும்மா ஊத்துன?’ என்று என்னைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அது எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது.

சொன்னேன். மணல், தண்ணீர், பஸ், நெரிசல் எல்லாம் சொன்னேன். அவர் ஒருவர்தான் முழுப் பாடத்தையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

‘அப்ப தரை சுடலன்னா காத்து வராதுன்ற. மெய்யாலுமா?’

‘ஆமா நைனா. இன்னிக்கு வர்ல பாத்தியா?’

‘வர்லதான்.’ தலையை ஆட்டிக்கொண்டார். ‘சரி, காத்து வந்தா இன்னா? சில்லுனு நல்லாத்தான கீது? அத்த ஏன் நிறுத்தணும்?’

‘காத்து ஒண்ணும் பண்ணாது நைனா. அதுல வர்ற கரிதான் பாப்பாவுக்கு ஆவல.’

‘கரி எங்கேர்ந்து வருது?’

டீச்சர் கேள்வி கேட்டு, விடை நன்றாகத் தெரிந்திருந்தால் எப்படி எழுந்து நிற்போமோ அப்படி நின்றுகொண்டு சொன்னேன்: ‘ஆர்பர்லேர்ந்து. நீ வாரி வாரிப் போடுறியே, அது.’

அம்மா, ‘ஏய்’ என்றாள். அப்பா அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை.

ஆறு மணி இருக்கும். வெயில் தாழ்ந்து, மேல்காற்றும் ஓய்ந்தபோது, நான் நிறுத்தி வைத்திருந்த கடற்காற்று ஒரு வழியாக வந்து சேர்ந்தது. கழுத்தில் குளிர்ச்சியாகப் பட்டதும் எனக்கு அவமானமாக இருந்தது. மாடியில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் யாரும் முன்னதாக ஜன்னல் அடைக்கவில்லை. அம்மா ஓடிப்போய் அடைத்தாள். அதற்குள் தங்கை இரண்டு முறை இருமினாள். மூன்றாவது இருமலில் அந்த விசில் வந்துவிட்டது. அப்பா படியிலிருந்து எழுந்தார். வாசலை ஒட்டி இருந்த ஜன்னல் விளிம்பில் ஆள்காட்டி விரலை வைத்து நீளமாக ஓர் இழுப்பு இழுத்தார். எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்று பார்க்க, அம்மா அப்படித்தான் செய்வாள். அம்மாவின் விரலில் கறுப்பாகத் தெரியும். அப்பா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. அது ஏற்கெனவே கறுப்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடி வாங்கிய முதுகோடு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ‘உன் வெரல்ல எப்படி நைனா தெரியும்?’ என்றேன். அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரலைச் சட்டையில் துடைத்தார். சட்டையும் அப்படித்தான் இருந்தது. அன்று அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார்.

அடுத்த மாதம் எங்களை மீஞ்சூரில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார். அம்மா, நான், தங்கை மூன்று பேரும். அவர் மட்டும் வேலைக்காக ராயபுரத்திலேயே இருந்துவிட்டார். என்னை அங்கே வேறு பள்ளியில் சேர்த்தார்கள். எல்லாரும் அதைத் தங்கையின் உடம்புக்கு என்றார்கள். நான் நம்பவில்லை. பெரியவர்கள் தண்டனைக்கு நல்ல பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு டிரம் தண்ணீருக்கு எத்தனை மாதம் என்று யாரையும் கேட்கவும் தைரியம் இல்லை. தங்கைக்கு விசில் நின்றது, சதை போட்டாள். இன்று அவள் இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிறாள், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போவது நான்தான். அந்தத் துறைமுகத்திலிருந்து கரி இறக்குவதையும் பிற்காலத்தில் எண்ணூர் பக்கம் மாற்றிவிட்டார்கள். கல்யாணமாகி நானும் எண்ணூர் பக்கமே வந்து சேர்ந்தேன்.

அப்பா ஒவ்வொரு ஞாயிறும் வருவார். வெள்ளைச் சட்டை போட்டு, ராயபுரத்தில் ரயில் ஏறுவதற்கு முன்பே குளித்துவிட்டுத்தான் வருவார். வந்ததும் பெரியம்மா வீட்டு அடிபம்பில் மறுபடி குளிப்பார். ‘இன்னா மச்சான், ரயில்ல வந்ததுக்கே ரெண்டு குளியலா? மாப்பிள்ளையாட்டம் கீறியே!’ என்று பெரியம்மா கிண்டல் செய்வாள். அவர் நகக்கண்ணைச் செங்கல் துண்டால் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் அப்படிக் குளித்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். வாரம் முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

‘இனிமே தண்ணியத் தொட மாட்டேன் நைனா. எங்கள நம்ம வூட்டுக்கு இட்டுக்கினு போ.’

‘தண்ணிக்கோசரம் இல்லம்மா.’

‘பின்ன?’

அவர் குனிந்து, குப்புறப் படுத்திருந்த தங்கையின் முதுகில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். விசில் இல்லை என்று அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு என்னைப் பாயில் தட்டிக் கூப்பிட்டார். நானும் குப்புறப் படுத்தேன். என் முதுகிலும் காதை வைத்தார். காது ஜில்லென்று இருந்தது. அவர் தலையிலிருந்து தண்ணீர் என் கழுத்தில் சொட்டியது. பத்து வரைக்கும் எண்ணினேன். இருபது வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

‘கூசுது நைனா. போதும்.’

‘இரும்மா. சிரிக்காத. நல்லா மூச்ச இழு.’

இழுத்தேன்.

‘வுடு. இன்னொரு தபா.’

அவ்வளவு நேரம் அவர் என்னோடு விளையாடியதே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் கோபம் எல்லாம் தீர்ந்துவிட்டது, அந்த இரண்டு டிரம் தண்ணீரை ஒரு வழியாக மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, சொன்னபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.